சாரலை ஏலம் எடுத்தவர்கள்

பொருநைச் சீமை: அத்தியாயம் 23

சென்ற வாரம் சிற்றாற்றின் கடைமடையில் நின்றோம். கங்கைகொண்டானைத் தொட்டு, தச்சநல்லூருக்கு வடக்கே ஓடி, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கும் அந்த ஆற்றுக்கு நீளம் சுமார் 80 கிலோமீட்டர். இந்த வாரம் அதன் தலைமடைக்கு, குற்றாலத்துக்குப் போகிறோம்.

வைகாசி முடியும் தறுவாயில் தச்சநல்லூரில் காற்று மாறிவிடும். மதுரை ரோட்டுக் கடை வாசல்களில் தொங்கும் பிளாஸ்டிக் குடங்கள் ஒன்றோடொன்று முட்டிச் சத்தம் போடும். மாடியில் காயப்போட்ட வேட்டி பக்கத்துத் தெருவில் கிடக்கும். டீக்கடையில் நிற்கும் யாராவது ஒருவர் மேற்கே பார்த்து, "குத்தாலத்துல சாரல் கட்டிட்டு போல, அண்ணாச்சி" என்பார். இங்கே ஒரு சொட்டு மழை விழுந்திருக்காது. ஆனாலும் அவர் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

செங்கோட்டைக்கு மேற்கே, ஆரியங்காவுப் பக்கம், மேற்குத் தொடர்ச்சி மலை கொஞ்சம் தாழ்ந்து வழிவிடுகிறது. கேரளத்தில் மழையைக் கொட்டித் தீர்த்த தென்மேற்குக் காற்று, மிச்சத்தைச் சாரலாகத் தூவிக்கொண்டு அந்தக் கணவாய் வழியே கிழக்கே இறங்குகிறது. மலை உச்சியில் பெய்த மழை அருவியாக விழ, அடிவாரத்தில் வெயிலும் தூறலும் மாறி மாறி வர, ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றாலத்தில் சீசன். ஊரோ கடல் மட்டத்திலிருந்து 167 மீட்டர்தான். சாரல் இல்லாவிட்டால் நம்மூர் வெயிலுக்கும் அந்த வெயிலுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

பேரருவிக்கு மேலே அணை கிடையாது. தேக்கி வைத்து, ஞாயிற்றுக்கிழமை பார்த்துத் திறந்துவிட வழியில்லை. காலையில் கொட்டுவது மாலையில் நூலாகும். நூலாக விழுந்தது நள்ளிரவில் பாறையை உருட்டும். ஆக, கையில் இல்லாத சரக்கை விற்கிற தொழில் இது. இருநூறு ஆண்டுக்கும் மேலாக அது எப்படி நடந்துவருகிறது என்று பார்த்தால், காலத்துக்குக் காலம் ஒரே கேள்விதான் வேறு வேறு வேடத்தில் வருகிறது: தண்ணீர் விழாத நாளின் நஷ்டம் யார் தலையில்?

கோயில் காலம்

முதலில் அந்தக் கேள்வியே எழவில்லை. குற்றாலம் திருஞானசம்பந்தர் பாடிய தலம். நடராசரின் ஐந்து சபைகளில் சித்திர சபை இங்கேதான். ஐப்பசி விசு, சித்திரை விசு, ஆடி அமாவாசை, தை அமாவாசை என்று கோயிலின் நாட்கள் ஆண்டு முழுதும் பரவிக் கிடந்தன. வந்தவர்கள் முழுக்குப் போடவும் முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுக்கவும் வந்தார்கள். சத்திரத்தில் தங்கினார்கள். அருவி மெலிந்திருந்தால் கொஞ்சம் காத்திருந்து தலையை நனைத்துவிட்டுப் போனார்கள். கோயிலுக்கு வருமானம் வயலிலிருந்து வந்தது. அருவியை நம்பிக் கோயில் இல்லை.

18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சியைப் பாடினார். மதுரையை ஆண்ட முத்துவிஜயரங்க சொக்கநாத நாயக்கர் அதற்குப் பரிசாகக் கொடுத்த நிலத்துக்குக் குறவஞ்சிமேடு என்றே பெயர் வந்தது. மலையையும் அருவியையும் பாடினால் நிலம் கிடைத்த காலம் அது. இன்றைக்கு அருவி ஓரத்தில் பத்தடி இடம் பிடிக்க எவ்வளவு கொடுக்க வேண்டியிருக்கிறது என்று கடைக்காரர்களைக் கேட்டால் தெரியும்.

கம்பெனி வந்தது

1801இல் ஆற்காட்டு நவாபிடமிருந்து திருநெல்வேலிச் சீமை முழுவதும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், 1796இல், டச்சுக்காரர்களிடமிருந்து மொலுக்காஸ் தீவுகளைக் கம்பெனி பிடித்திருந்தது. உலகத்துக்கே ஜாதிக்காயும் கிராம்பும் போன இடம் அது. அங்கிருந்து கன்றுகள் இந்தியாவுக்கு வந்தன. அவற்றுக்கு ஏற்ற ஈரமும் நிழலும் தேடியவர்களின் கண்ணில் குற்றாலம் பட்டது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே ஜாதிக்காய், கிராம்பு, லவங்கப்பட்டைத் தோட்டங்கள் எழுந்தன.

குற்றாலத்தின் ஈரத்தைப் பணமாக்கப் பார்த்த முதல் பெரிய முதலாளி கம்பெனிதான். நட்டால் நஷ்டமும் அதன் தலையில்தான். தோட்டங்கள் பின்னால் கைமாறின. ஆனால் மரங்கள் ஊரைவிட்டுப் போகவில்லை. இன்று சீசனில் குற்றாலம் ரோட்டோரத்தில் குவித்து வைத்திருக்கும் மங்குஸ்தான், ரம்புட்டான், டுரியான் எல்லாம் அப்படிக் கடல் கடந்து வந்து இந்த ஈரத்தில் காலூன்றிய பழங்களே. பழத்தோட்ட அருவிக்குப் பெயர் கொடுத்ததும் அரசுத் தோட்டக்கலைத் துறையின் பழப்பண்ணைதான்.

தோட்டக்காரர்களுக்குப் பின்னால் துரைமார்கள் வந்தார்கள். பாளையங்கோட்டையில் வெந்துகொண்டிருந்த அதிகாரிகளுக்கு, ஒரு நாள் பயணத்தில் குளிர்ந்த காற்று கிடைக்கும் இடம் குற்றாலம். ஜூனில் பங்களாவுக்கு வருவது, செப்டம்பரில் திரும்புவது என்று ஆயிற்று. திருவிதாங்கூர் அரச குடும்பத்துக்கும் இங்கே அரண்மனை இருந்தது. அது இன்றும் கேரள அரசின் சொத்து. எல்லைக்கு அப்பால் செங்கோட்டை வரை அவர்கள் சீமை. 1956 நவம்பர் 1 அன்றுதான் செங்கோட்டை சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது.

ஆனால் துரைமார்கள் நிலையான வாடிக்கையாளர்கள் இல்லை. 1820களில் கோவை கலெக்டர் சல்லிவன் ஊட்டியை ஆக்கிக்கொண்டிருந்தார். 1845இல் அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் வீடு கட்டினார்கள். 2,000 மீட்டருக்கு மேலே ஆண்டு முழுதும் குளிர் கிடைக்கும்போது, மூன்று மாதம் மட்டும் குளிரும் 167 மீட்டர் ஊருக்கு யார் காத்திருப்பார்? துரைக்கு நஷ்டமில்லை; மூட்டையைக் கட்டிக்கொண்டு அடுத்த மலைக்குப் போய்விட்டார். பங்களாவில் சமையலும் காவலும் பார்த்தவர்கள்தான் மிஞ்சினார்கள்.

ரயில் கொண்டுவந்த கூட்டம்

குற்றாலத்தை ஊர்ச் சனத்துக்குத் திறந்துவிட்டது ரயில். திருநெல்வேலியிலிருந்து கல்லிடைக்குறிச்சிக்கு 1902இலும், அங்கிருந்து தென்காசி வழியாகச் செங்கோட்டைக்கு 1903இலும் மீட்டர்கேஜ் பாதை வந்தது. 1904இல் மலையைக் குடைந்து, கழுதுருட்டியில் பதின்மூன்று கண் பாலம் கட்டி, புனலூர் வழியாகக் கொல்லம் வரை இணைத்தார்கள். மாட்டு வண்டியில் இரண்டு நாள் போன தூரம் ஒரு பகலுக்குள் அடங்கியது. நெல்லை டவுனில் ஏறி, தென்காசியில் இறங்கி, ஐந்து கிலோமீட்டர் போனால் அருவி.

கூட்டம் மாறியதும் தொழிலும் மாறியது. பங்களாவுக்குப் பதில் வீடுகள். மாத வாடகைக்குப் பதில் வார வாடகை. வக்கீல்கள், பண்ணையார்கள், எட்டையபுரம், கோவில்பட்டிப் பக்கத்து வியாபாரிகள் எல்லாம் சீசனுக்கு வீடெடுத்துக் குடும்பத்தோடு தங்கினார்கள். வண்ணார்பேட்டையில் வட்டத்தொட்டி என்ற இலக்கியக் கூட்டம் நடத்திய ரசிகமணி டி.கே.சி. பின்னாளில் குற்றாலத்திலேயே குடியேறினார். ராஜாஜியும் கல்கியும் அங்கே வந்து தங்கினார்கள். டி.கே.சி. 1954இல் காலமானதும் அங்கேதான். டி.கே.சி. வீட்டு விருந்தைப் பற்றிப் பத்திரிகைகளில் வந்த எழுத்து, எந்த விளம்பரமும் செய்திருக்க முடியாத வேலையைக் குற்றாலத்துக்குச் செய்தது. அருவியில் குளித்து, எண்ணெய் தேய்த்து, கவிதை பேசி, வயிறாரச் சாப்பிடுவது ஒரு நாகரிகமாயிற்று.

பிறகு பஸ் வந்தது, வேன் வந்தது, கார் வந்தது. ஒரு வாரம் தங்கியவர்கள் ஒரு ராத்திரி தங்கினார்கள். ஒரு ராத்திரி தங்கியவர்கள் காலையில் வந்து மாலையில் திரும்பினார்கள். தச்சநல்லூரிலிருந்து குற்றாலம் ஏறக்குறைய 60 கிலோமீட்டர். ஞாயிறு விடியற்காலை புறப்பட்டு, ஐந்தருவியில் குளித்து, பிரானூர் பார்டரில் பரோட்டாவும் கோழியும் சாப்பிட்டு, பழம் வாங்கிக்கொண்டு இருட்டுவதற்குள் வீடு வந்து சேர்ந்துவிடலாம். பழைய எல்லைச் சோதனைச்சாவடி போய் அறுபது ஆண்டுக்கு மேலாகியும் 'பார்டர்' என்ற பெயரும் அந்தப் பரோட்டாக் கடைகளும் நிற்பது சீசனின் புண்ணியம்.

ஏலம் என்னும் ஏற்பாடு

அருவியில் குளிக்க டிக்கெட் கிடையாது. யாரும் வரலாம், எத்தனை தடவையும் தலையைக் கொடுக்கலாம். பேரருவியில் விளக்கு வெளிச்சத்தில் ராத்திரி இரண்டு மணிக்கும் கூட்டம் நிற்கும். அப்படியானால் ஊரை நடத்தும் பேரூராட்சிக்கு வருமானம்?

தச்சநல்லூர்க்காரர்களுக்கு இதற்கு விடை சொல்லித் தர வேண்டாம். 1994இல் நெல்லை மாநகராட்சியோடு சேரும் வரை இதுவும் பேரூராட்சியாக இருந்த ஊர்தான். விடை, ஏலம். வாகன நிறுத்தம் ஏலம், கழிப்பறை ஏலம், கடை இடம் ஏலம். கோயிலுக்குச் சொந்தமான இடங்களில் கடை போட்டால் கோயிலுக்கு வாடகை. ஏலம் எடுத்தவர் பணத்தை முன்கூட்டியே கட்டிவிட வேண்டும். பிறகு அவர் பாடு, அருவி பாடு.

இங்கேதான் நமது கேள்விக்கு ஒரு தெளிவான விடை கிடைக்கிறது. மூவாயிரம் பேர்கூட நிரந்தரமாகக் குடியிராத ஊர், சீசன் ஞாயிறு ஒன்றில் திருவிழாக் கூட்டத்தைத் தாங்குகிறது. குப்பை அள்ளுவது, விளக்குப் போடுவது, போலீஸ் நிறுத்துவது எல்லாவற்றுக்கும் காசு முன்னமே தேவை. அந்தக் காசை வட்டிக்கு வாங்கிக் கட்டுகிறவர் சில்லறை வியாபாரி. தண்ணீர் விழாத நாளின் நஷ்டம் சோப்புடப்பா, துண்டு, நேந்திரங்காய்ச் சிப்ஸ் விற்கிறவர் தலையில் போய் உட்கார்ந்துகொண்டது.

லாட்ஜுக்காரர் பாடு கொஞ்சம் தேவலை. அவரிடம் போனில் கேட்கப்படும் முதல் கேள்வி வாடகை பற்றியதல்ல. "அண்ணாச்சி, தண்ணி எப்படி?" என்பதுதான். "சும்மா கொட்டுது, புறப்பட்டு வாங்க" என்று சொன்ன காலம் ஒன்று இருந்தது. இப்போது அந்தப் பேச்சு செல்லாது. காலை ஆறு மணிக்கே யாரோ எடுத்த வீடியோ வாட்ஸ்அப்பில் தச்சநல்லூர் வரை வந்துவிடுகிறது. அறை வாடகை அந்த வீடியோவோடு ஏறி இறங்குகிறது.

லாட்ஜுகளைக் காப்பாற்றிய இன்னொரு வரவு, ஐயப்ப சீசன். கார்த்திகையிலும் மார்கழியிலும் சபரிமலைக்குப் போகிறவர்கள் ஆரியங்காவு, அச்சன்கோவில் வழியில் குற்றாலத்தில் இறங்கிக் குளிக்கிறார்கள். அது வடகிழக்குப் பருவமழைக் காலம். அருவியிலும் தண்ணீர் இருக்கும். வேனில் வந்து, அருவிக்கரையில் சமைத்து, கூட்டமாகத் தங்குகிற சாமிமாருக்காகப் பெரிய ஹால்கள் வந்தன. கடைகளில் துளசிமாலையும் கறுப்பு வேட்டியும் சிப்ஸ் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் ஏறின. மூன்று மாதத் தொழிலை ஐந்து மாதத் தொழிலாக்கியது அரசின் சாரல் விழா அல்ல, ஐயப்பனின் மாலை.

பனிமலைக்காரர்கள் செய்தது

இதே சிக்கலை வேறொரு கூட்டமும் அனுபவித்தது. அமெரிக்காவிலும் ஆல்ப்ஸ் மலையிலும் பனிச்சறுக்கு விடுதி நடத்துகிறவர்கள் அவர்கள். இங்கே சாரல் என்றால் அங்கே பனி.

1949-50 குளிர்காலத்தில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் பனி பொய்த்தது. சறுக்குக் கட்டை செய்துவந்த ஒரு சிறு கம்பெனியின் விற்பனை படுத்துவிட்டது. அந்தப் பொறியாளர்கள் பெயின்ட் அடிக்கும் கம்ப்ரெஸர், ஒரு தெளிப்பு முனை, தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாய் இவற்றைச் சேர்த்துக் குளிர்காற்றில் தண்ணீரைப் பீய்ச்சினார்கள். அது பனியாக விழுந்தது. இன்று பெரிய விடுதிகள் பலவும் அந்த இயந்திரத்தை நம்பியே சீசனைத் திறக்கின்றன. உத்தரகாண்டின் அவுலியிலும் அதைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஆனால் காற்றே குளிராவிட்டால் இயந்திரத்தாலும் ஆகாது. குல்மார்க்கில் 2024 ஜனவரியின் பெரும்பகுதி பனியில்லாமல் கழிந்தது. 2025 பிப்ரவரியில் அங்கே நடக்கவேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் பனிக்குக் காத்திருந்து மார்ச்சில் நடந்தன.

அவர்களின் இரண்டாவது உபாயம் இன்னும் சாமர்த்தியமானது. 2008இல் வேய்ல் ரிசார்ட்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் ஒரு சீசன் அட்டையை 579 டாலருக்கு விற்றது. தன் மலைகள் எல்லாவற்றிலும் சீசன் முழுக்கச் சறுக்கலாம். ஆனால் பணத்தைப் பனி விழுமுன் கட்டிவிட வேண்டும். பனி விழாவிட்டால் நஷ்டத்தில் பெரும்பங்கு லட்சக்கணக்கான வாடிக்கையாளர்களிடையே சிறு சிறு துண்டாகப் பிரிந்துவிடும். நம்மூர் ஏலத்திலும் பணம் முன்கூட்டியேதான் வருகிறது. ஆனால் பிரிவது லட்சம் பேருக்குள் அல்ல, ஒரு சில நூறு கடைக்காரர்களுக்குள். ஒரே மருந்து, அங்கே ஆளுக்கொரு துளி, இங்கே ஒருவருக்கே முழுப் பாட்டில்.

அருவியை உண்டாக்கியவர்கள்

பனி இயந்திரத்துக்கு இணையான ஒன்று நம் மலையடிவாரத்திலும் முளைத்தது. தனியார் தோட்டங்களுக்குள் ஓடைத் தண்ணீரைத் திருப்பி, பாறை மேல் ஏற்றி விழவைத்து, தங்க வருகிறவர்களுக்குச் 'சொந்த அருவி' காட்டினார்கள். கூட்டமில்லை, போலீஸ் விசில் இல்லை, குடும்பத்தோடு நிம்மதியாகக் குளிக்கலாம். குண்டாறு அணைக்கு மேலே ஜீப்பில் குலுங்கிக்கொண்டு போகிறவர்களுக்கு இந்த வியாபாரம் தெரியும்.

ஒருவகையில் இது புத்திசாலித்தனமான மாற்றம்தான். பொது அருவியில் நெரிசல் தாங்காமல் விலகிய, காசு கொடுக்கக்கூடிய கூட்டத்தை இது பிடித்தது. ஆனால் இதில் ஒரு சங்கடம் இருந்தது. மலையில் ஓடும் ஒவ்வொரு ஓடையும் கீழே ஏதோ ஒரு குளத்துக்கோ கால்வாய்க்கோ பாத்தியப்பட்டது. வழக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனது. 2022 கடைசியில், இயற்கை நீரோட்டத்தைத் திருப்பிச் செயற்கை அருவி அமைத்த விடுதிகளைக் கண்டறிந்து மூட நீதிமன்றம் உத்தரவிட்டது. இதே மதுரைக் கிளைதான் பொது அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு பயன்படுத்துவதையும் தடுத்தது. சிற்றாற்றுத் தண்ணீரைச் சாப்பாட்டுக்கும் சாகுபடிக்கும் நம்பியிருக்கும் கீழ்மடைக்காரர்கள் பக்கம் நின்ற தீர்ப்புகள் இவை. தச்சநல்லூருக்கு வடக்கே ஓடும் தண்ணீருக்கும் இதில் பங்கு உண்டு.

தண்ணீர் இருந்தும் மூடிய நாட்கள்

2020 மார்ச்சில் கொரோனாவுக்காக அருவிகளை மூடினார்கள். டிசம்பரில் திறந்து, 2021 ஏப்ரலில் மறுபடியும் மூடி, டிசம்பரில்தான் திறந்தார்கள். இரண்டு ஆடி மாதமும் பேரருவி ஆளில்லாமல் கொட்டியது. தண்ணீர் வராமல் நஷ்டப்பட்டுப் பழகியவர்கள், தண்ணீர் இருந்தும் மாதக்கணக்கில் நஷ்டப்பட்டது அப்போதுதான். 2019 நவம்பர் 22இல் பிறந்த தென்காசி மாவட்டத்துக்கு அதுவே முதல் பெரிய சோதனை. மாவட்டம் பிரியும்வரை குற்றாலத்துக் கோப்புகள் கொக்கிரகுளத்து நெல்லை ஆட்சியர் அலுவலகத்துக்குத்தான் வந்துகொண்டிருந்தன.

பிறகு, 2024 மே 17. சீசன் இன்னும் தொடங்கவில்லை. கோடை மழைக்கு விழுந்த தண்ணீரில் பழைய குற்றாலத்தில் குளித்துக்கொண்டிருந்தார்கள். மேலே பெய்த மழை நொடியில் வெள்ளமாக இறங்கியது. நெல்லையைச் சேர்ந்த 17 வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார். படிக்கட்டில் ஜனங்கள் அலறிக்கொண்டு ஏறும் வீடியோவை நாடே பார்த்தது.

பேரருவியில் ஒரு பாதுகாப்பு வளைவு இருக்கிறது. தண்ணீர் அந்த ஆர்ச்சைத் தாண்டி விழுந்தால் போலீஸ் விசிலடித்து எல்லோரையும் வெளியேற்றுவார்கள். பல காலமாக அருவியின் அபாயத்தை அளக்க இருந்த கருவி அந்த ஆர்ச்சும் அந்தப் போலீஸ்காரரின் கண்ணும்தான். பேரருவியும் ஐந்தருவியும் பேரூராட்சியின் பொறுப்பு, பழைய குற்றாலம் ஆயிரப்பேரி ஊராட்சியின் எல்லை, செண்பகாதேவியும் அதற்கு மேலும் வனத்துறை வசம். ஒரே மலைத் தண்ணீருக்குப் பல எஜமானர்கள். மேலே பெய்யும் மழையைக் கீழே குளிப்பவருக்கு நேரத்தில் சொல்ல வேண்டியவர் யார் என்ற கேள்வி அந்த மாணவரின் மரணத்துக்குப் பிறகே உரக்கக் கேட்கப்பட்டது.

இனி செய்ய வேண்டியதும் அங்கிருந்தே தொடங்குகிறது. மலைமேல் மழைமானியும் கீழே அபாய ஒலியும் எல்லா அருவிக்கும் வேண்டும். மழை இனி மாதக் கணக்கில் பிசகும், வந்தால் மொத்தமாக வரும் என்ற நிலையில், குளிக்கத் தடை போடும் நாட்கள் கூடத்தான் செய்யும். அந்தத் தடையைத் தயங்காமல் போட வேண்டுமானால், தடை நாளுக்கு ஏலத் தொகையிலும் கடை வாடகையிலும் கழிவு உண்டு என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். அப்போதுதான் விசிலடிக்கிற போலீஸ்காரர் கடைக்காரருக்கு எதிரியாகத் தெரியமாட்டார். கம்பெனி கைமாற்றிவிட்டுப் போனது, துரை ஊட்டிக்குப் போனார், சுற்றுலாப் பயணி வீடியோவைப் பார்த்துவிட்டு வீட்டிலேயே இருந்துகொள்கிறார். போக இடமில்லாமல் அங்கேயே நிற்பவர் ஏலம் எடுத்தவர் ஒருவர்தான். சீசனின் லாபத்தில் ஊர் முழுக்கப் பங்கு இருக்கிறபோது நஷ்டத்திலும் இருந்தாக வேண்டும்.

அருவியைக் கொட்டவைத்த அதே கணவாய்க் காற்று, கிழக்கே இன்னும் கொஞ்ச தூரம் வந்து கயத்தாறு வெளியில் காற்றாலை இறக்கைகளைச் சுற்றுகிறது. மானாவாரிக் கரிசலை ஏக்கர் கணக்கில் விற்றுவிட்டு, பிறகு அதே நிலத்தில் காவலுக்கு நின்றவர்களின் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)